உழைக்கிற உடம்புக்குப் பிரசவ வலி தெரியாதாம்!

"சேரிப் பொம்பளைக்குப் பிரசவம் சுலபம். வேலை செய்த உடம்பு, பிள்ளை தானா வந்துடும்." ஜோலார்பேட்டை, ஆம்பூர் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். பிரசவ வார்டில் எங்கள் பெண்கள் வலியில் கத்தினால் அதட்டுவதற்கும், ஷூ கம்பெனியில் எட்டாம் மாதத்திலும் நிற்க வைத்தே வேலை வாங்குவதற்கும் இதுதான் சாக்கு.

நாளெல்லாம் குனிந்து ஷூ அப்பர் தைத்தால் இடுப்பு வலிக்கும், பிரசவம் சுலபமாகாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை. அப்படிப்பட்ட உடம்பு, மற்றவர்கள் தாங்கும் உதிரப்போக்கைக்கூடத் தாங்காது. அதற்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையையோ, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று நம் வீடுகளிலேயே தூக்கிப் போடுகிறோம். (கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன?) மாத்திரையால் கறுப்பது மலம் மட்டுமே, அதனால் கெடுதல் இல்லை.

போதிய நாள் சந்தா கட்டிய தொழிலாளிக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் இ.எஸ்.ஐ. பணம் உண்டு. அவள் சம்பளத்தில் பிடித்த சந்தாவுக்கு வரவேண்டிய பணம் அது, கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைப்பவளுக்கு அதுவும் இல்லை. பிரசவ வலி வரும்வரை அவள் கையில் ஊசி இருக்கிறது. அவளுக்கும் கம்பெனிகள் சந்தா கட்ட வேண்டும் என்று கேட்கிறோம்.