நோயாளிக்கு விலங்கு, வியாபாரிக்கு விடுதலை

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், இணுவிலைக் கடந்ததும் மருதனார்மடத்தை அடைகிறார். 1913ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களின் கல்விக்கென நிறுவிய கல்லூரி அங்கே இருக்கிறது. இசையும் நடனமும் பயிலும் பல்கலைக்கழகப் பீடம் இருக்கிறது. உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் சிலை இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண் விளைவித்த வெங்காயமும் மரக்கறியும் வந்து குவியும் பொதுச்சந்தையும் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே ஒரு மடம் இருக்கிறது! நடந்து களைத்தவன் காசு கொடாமல் இளைப்பாறுவதற்கென நம் முன்னோர் கட்டியதே மடம். களைப்பு மனித இயல்பு, களைத்தவனுக்கு இடம் கொடுப்பது சமுதாயத்தின் கடமை என்று எண்ணிய ஒரு நாகரிகத்தின் சின்னம் அது.

அந்த நாகரிகத்தின் வாரிசுகள் என்று மார்தட்டிக்கொள்ளும் நம்முடைய குடாநாட்டில், களைப்பையே ஒழித்துவிடுவதாக ஆசை காட்டும் ஒரு பொருள் இன்று விற்பனையாகிறது. சந்தையில் அதற்கு 'ஐஸ்' என்று பெயர். விஞ்ஞானிகள் மெத்தாம்பெற்றமீன் என்பர். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால், ஹெரோயினோடும் ஐஸோடும் பிடிபட்ட இளைஞர்களைப் பற்றிய செய்தி காணாத வாரம் இல்லை. செய்தியைப் படிக்கிறோம், 'காலம் கெட்டுப்போச்சு' என்கிறோம், பத்திரிகையை மடித்து வைக்கிறோம். நமது சமூகப் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது!

அண்மையில் அந்தச் சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு தாயோடு பேச நேர்ந்தது. "என்ர பிள்ளை மூண்டு நாளா நித்திரை கொள்ளேல்லை, தம்பி. அறையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருக்கிறான். வேலிக்கு அங்காலை ஆரோ நிக்கினமாம், தன்னைப் பிடிக்க வந்திருக்கினமாம். நான் போய்ப் பாத்தன், ஒருத்தருமில்லை" என்றார். "வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களா, அம்மா?" என்று கேட்டோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கை கொண்டுபோனால் பொலிஸுக்குச் சொல்லிப்போடுவினம் எண்டு சனம் கதைக்குது. ஊருக்குத் தெரிஞ்சால் என்ர பெட்டைக்கு ஆர் மாப்பிள்ளை தருவினம்?" என்றார்.

நண்பர்களே, இந்த இரண்டு பயங்களையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள். ஒன்று சட்டத்தைப் பற்றிய பயம். மற்றது நம்மைப் பற்றிய பயம். அந்தப் பிள்ளை நஞ்சுக்கு அஞ்சவில்லை. அவனைப் பெற்றவளோ நமக்கு அஞ்சுகிறாள். நாம் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில், இந்த நஞ்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதைக் கண்டுபிடித்தவன் எந்தக் குறுக்குச் சந்துக் கயவனுமல்லன். 1893இல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய அறிஞர் இதை ஆய்வுகூடத்தில் ஆக்கினார். 1919இல் அகிரா ஒகாட்டா இதனைப் பளிங்கு வடிவில் செய்தார். 1938இல் ஜேர்மனியில் ஒரு மருந்துக் கம்பெனி 'பேர்விற்றின்' என்ற பெயரில் மாத்திரையாக விற்கத் தொடங்கியது. 1940இல் பிரான்ஸ்மீது படையெடுத்த காலத்தில் ஜேர்மன் படைகளுக்கு மூன்றரைக் கோடி மாத்திரைகள் அனுப்பப்பட்டன. படைவீரன் உறங்கக் கூடாது, பசிக்கக் கூடாது, அஞ்சக் கூடாது! ஜப்பானில் இதற்கு 'பிலோபோன்' என்று பெயரிட்டனர். வேலையை விரும்புதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. போர் முடிந்தபின் எஞ்சிய கையிருப்பு சந்தைக்கு வந்தது. தோற்ற நாட்டின் வறிய இளைஞர்கள் இலட்சக்கணக்கில் அதற்கு இரையாயினர். 1951இல் ஜப்பான் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மனிதனின் உடலிலிருந்து இயற்கை அனுமதிக்காத உழைப்பையும் வெறியையும் கறந்தெடுக்க ஆதிக்கக்காரர் கையாண்ட கருவி இது. போர் தின்று துப்பிய ஒரு நாட்டின் இளைஞரிடம் அது முதலில் போய்ச் சேர்ந்தது. போர் தின்று துப்பிய நம்முடைய மண்ணுக்கும் அது வந்து சேர்ந்ததில் என்ன வியப்பு?

இனி, அது உடலுக்குள் என்ன செய்கிறது? மூளையில் டோபமீன் என்றொரு இரசாயனத் தூதுவன் உண்டு. பசித்தவன் உண்ணும்போதும், உழைத்தவன் விளைவைக் காணும்போதும், தாய் பிள்ளையை அணைக்கும்போதும் அது அளவாகச் சுரந்து, 'இது நன்று. மறுபடியும் செய்' என்று அறிவிக்கிறது. மெத்தாம்பெற்றமீன் அந்தத் தூதுவனை நரம்பணுக்களின் சேமிப்பறைகளிலிருந்து வெள்ளமாக வெளியே தள்ளுகிறது. உள்ளே திரும்பும் வழியையும் அடைத்துவிடுகிறது. கொக்கெயினின் வேகம் விரைவில் தணிந்துவிடும். இதிலோ உட்கொண்டதிற் பாதி உடலைவிட்டு நீங்கவே பத்துப் பன்னிரண்டு மணித்தியாலங்கள் செல்லும். இதயம் துடிதுடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உடலின் வெப்பம் உயர்கிறது, பசி மறைகிறது, உறக்கம் நாட்கணக்கில் ஓடிப்போகிறது. நாட்பட்டால் இதயத்தசை தளர்கிறது. இளவயதிலேயே மூளையில் இரத்தக்குழாய் வெடித்துப் பக்கவாதம் வருவதுமுண்டு. வாய் உலர்ந்து, பற்களை நெறுநெறுவென்று கடித்து, அவை சொத்தையாகி உதிர்கின்றன. தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாக எண்ணிச் சொறிந்து சொறிந்து உடலெங்கும் புண்ணாக்கிக்கொள்கின்றனர்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இதை விளக்கப் பெரிய நூல் வேண்டியதில்லை. சுண்ணக்கற் பாறைக்குள்ளே மழைநீர் ஒரு மெல்லிய படுக்கையாக மிதக்கிறது. அதன் கீழே கடல்நீர். துலா மிதித்து இறைத்த காலத்தில் இறைத்ததற்கேற்ப ஊறிற்று. பேராசை கொண்டு இயந்திரம் பூட்டி இராப்பகலாக இறைத்தால் என்ன நேரும்? தோட்டம் சிலநாள் செழிக்கும். பின்னர் கிணற்றில் உவர் ஏறும். ஏறிய உவர் இலேசில் இறங்காது. இந்த மருந்து மனித மூளையில் செய்வதும் அதுவே. ஊற்று வற்றியபின் சோறு ருசிப்பதில்லை, பாட்டு இனிப்பதில்லை, தாயின் முகம் தேறுதல் தருவதில்லை. உலகமே சாம்பல் பூத்ததுபோல் தோன்றுகிறது. அந்தச் சாம்பலினின்றும் தப்ப இளைஞன் மறுபடியும் நஞ்சைத் தேடுகிறான். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணுகின்றனர்.

மனத்தின் கதை இதனினும் கொடியது. 'என்னைப் பின்தொடர்கின்றனர்', 'சுவருக்குள்ளே பேசுகின்றனர்', 'என் சோற்றில் நஞ்சு கலந்துவிட்டனர்' என்ற எண்ணங்கள் கல்லில் எழுதியவைபோல் உறுதிப்படுகின்றன. இல்லாத குரல்கள் கேட்கின்றன. அந்தத் தாயின் மகன் வேலிக்கு அப்பால் கண்ட உருவங்கள் இத்தகையவையே. பேய் பிடித்ததன்று, செய்வினையுமன்று, திமிருமன்று. இது நோய். வைத்திய உலகம் நன்கறிந்த நோய். பலருக்கு மருந்தை நிறுத்திய சில நாட்களில் அல்லது வாரங்களில் தணியும், சிலருக்கு நீடிக்கும்.

இந்த நோயை நம் சமூகம் எவ்வாறு எதிர்கொள்கிறது? மூன்று கூட்டத்தார் மூன்று விடைகளோடு வருகின்றனர்.

முதற் கூட்டத்தார் கலாசாரக் காவலர். 'தமிழ்ப் பண்பாடு அழிகிறது. கைபேசியும் சினிமாவுமே காரணம்' என்பர். நாம் கேட்கிறோம்: படித்த பிள்ளைக்கு வேலை இல்லை, பாடசாலை முடிந்தால் ரியூட்டரி, ரியூட்டரி முடிந்தால் மனப்பாடம் என்று பிள்ளையைப் பிழிந்தோம், பரீட்சையில் தவறியவனை வீட்டுக்குள்ளேயே தீண்டத்தகாதவனாக்கினோம், விளையாட்டுத் திடலைச் சுருக்கி மண்டபம் கட்டினோம், 'வெளிநாட்டுக்குப் போ' என்பதைத் தவிர வேறொரு எதிர்காலத்தையும் அவனுக்குக் காட்டவில்லை. இவற்றிலெல்லாம் கெடாத பண்பாடா கைபேசியில் கெட்டுவிட்டது?

இரண்டாங் கூட்டத்தார், 'எல்லாம் நம் இனத்தை அழிக்கச் செய்யும் சதி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். இந்தச் சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். 2009இல் போர் முடிந்தபின்னும் படைமுகாம்கள் நிறைந்த மண்ணில், கண்காணிப்புக்குக் குறைவில்லாத கரைகளைக் கடந்து நஞ்சு எவ்வாறு உள்ளே வருகிறது என்று கேட்க மக்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு விடைசொல்லும் பொறுப்பு அதிகாரத்தில் இருப்போருடையது. ஆயினும், 2025 செப்டெம்பரில் ஐஸ் தயாரிப்பதற்கானவை என்று சந்தேகிக்கப்பட்ட இரசாயனங்கள் மண்ணில் புதைக்கப்பட்டிருந்தது தென்னிலங்கையின் மித்தெனியவில் அல்லவா? சிங்களத் தாயின் பிள்ளையும் இதே நஞ்சில்தான் மாய்கிறான். இலாபத்துக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை. 'சதி' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர், பூட்டிய அறைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன செய்தார்?

மூன்றாங் கூட்டத்தார் தண்டனைப் பிரியர். 'தூக்கில் போடு' என்பதே இவர்களின் மந்திரம். இந்நாட்டில் 1984ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இரண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்க வழி செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகள் சென்றன. ஹெரோயின் ஒழிந்ததா? 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் ஐஸும் அந்தப் பட்டியலிற் சேர்ந்தது. எல்லை ஐந்து கிராம். 1976இன் பின்னர் இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லையாதலால், மரண தண்டனை என்பது ஆயுள் முழுதும் சிறையில் அழுகும் தண்டனையே. சிறை சென்றோரிற் பெரும்பங்கினர் போதைப்பொருள் வழக்குகளிற் சென்றோர். அவர்கள் யார்? கப்பலுக்கு முதல் போட்டவர்களா? வங்கியில் பணத்தை வெளுத்தவர்களா? இல்லை, பெரும்பாலும் தன் தேவைக்காகச் சிறிது விற்றவனும், கூலிக்குப் பொதி சுமந்தவனுமே. 2023 டிசெம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். மறுமாதமே ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை வல்லுநர்கள் அதைக் கண்டித்தனர்.

'புனர்வாழ்வு நிலையங்கள் உண்டே' என்பீர்கள். கந்தக்காடு உண்டு. ஒருகாலத்தில் முன்னாட் போராளிகளை வைத்திருந்த அதே இடம். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார், கலவரம் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். நோயாளர் வைத்தியசாலையை விட்டு இவ்வாறு ஓடுவதுண்டா? ஓடுகிறார்களென்றால் அது வைத்தியசாலையன்று. படைவீரனின் கட்டளையால் நரம்பணு திருந்துவதில்லை.

வேறு வழி உண்டா? உண்டு. 2020 டிசெம்பரில் இதே மருதனார்மடம் சந்தையில் கொரோனா கண்டறியப்பட்டது. அப்போது நாம் என்ன செய்தோம்? சந்தையை மூடினோம், சந்தைக்கு வந்து போனோரைத் தேடிப் பரிசோதித்தோம், நோயுற்றவரைச் சிகிச்சைக்கு அனுப்பினோம். 'கொரோனாக்காரனைத் தூக்கிலிடு' என்று எவரும் கூவவில்லை. நோயை நோயென்று அழைத்ததனால் வழி பிறந்தது. அந்தப் பெயரை இந்த நோய்க்கும் கொடுக்க மறுப்பது ஏன்?

ஹெரோயினுக்கு மாற்று மருந்து கொடுத்துப் படிப்படியாக மீட்பதுபோல் ஐஸுக்கு உறுதியான மருந்து இன்னும் இல்லை. ஆனால் சிகிச்சை உண்டு. சிந்தனைப் பழக்கத்தை மாற்றப் பயிற்றும் உளவளத்துணையும், விலகி நிற்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசளித்து ஊக்கும் முறையும் பயன்தருவதை உலகம் கண்டிருக்கிறது. ஓராண்டுக்கு மேல் விலகி நின்றோரின் மூளையில் டோபமீன் அமைப்பு மெல்ல மீள்வதையும் ஆய்வாளர் படம்பிடித்துள்ளனர். உவர் ஏறிய கிணறும் நன்னீர் காணலாம். ஆனால் இறைப்பை நிறுத்த வேண்டும், மழைக்குக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் காலமெல்லாம் ஒருவர் கூட நிற்க வேண்டும். போர்த்துக்கல் 2001இல் சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றவியற் சட்டத்திலிருந்து நீக்கி, பிடிபட்டவரைச் சிகிச்சைப் பக்கம் திருப்பியது. அந்த நாடு அழிந்துவிடவில்லை.

ஆகவே நாம் கோருவது இவை. பாவிப்பவனையும் கடத்துபவனையும் சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதி சுமந்தவனோடு நின்றுவிடாமல் பணம் போன வழியைப் பின்தொடர வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உள்ள மனநலப் பிரிவுகளுக்கு ஆளும் இடமும் பணமும் பெருக வேண்டும். வருபவனின் பேர் பொலிஸுக்குப் போகாது என்ற உறுதியை அரசு பகிரங்கமாகத் தர வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தைத் தமிழ்த் தாய்மார் அனைவரும் அறிய வேண்டும். அழைத்தால் தமிழிலே பதில் கிடைக்க வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் கடன் தீர்ந்ததா? ஊருக்கு ஊர் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் கட்டிய மக்கள் நாம். அவற்றில் எத்தனை இன்று பூட்டிக் கிடக்கின்றன? கோபுரத்துக்கும் வெடிக்கட்டுக்கும் கடல்கடந்து வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், மாலையில் இளைஞர் கூடும் ஒரு விளையாட்டுத் திடலுக்கும், மீண்டு வந்தவனுக்கு ஒரு தொழிலுக்கும். மீண்டவனுக்கு வேலை கொடாத ஊர், அவனைத் திருப்பி வியாபாரியிடம் அனுப்பும் ஊர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாயின் இரண்டாவது பயத்தை நாமே போக்க வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டாம், நிதி வேண்டாம். அண்ணன் நோயுற்றான் என்பதற்காகத் தங்கையை ஒதுக்காதிருந்தாற் போதும். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு வீதியில் இறங்கும்போது, வேலிக்கு அப்பால் எவரும் நின்று பார்த்துச் சிரிக்காதிருந்தாற் போதும். அவன் அஞ்சும் உருவங்கள் பொய்யென்று அவனுக்கு நாம் எப்படிச் சொல்வது, வேலிக்கு அப்பால் நாமே நின்றுகொண்டிருக்கும் வரை?

களைத்தவனுக்கு மடம் கட்டிய ஊர் இது. கட்டிடம் இன்று வேண்டியதில்லை. களைத்து வந்தவனை 'ஏன் களைத்தாய்?' என்று அதட்டாமல், 'உள்ளே வா, இரு' என்று சொல்லும் மனமே மடம். அதை நாம் திறக்காவிட்டால், வியாபாரியின் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்கிறது.