பனித்தளத்தில் பெண்கள்

நீலசந்திராவில் வாழும் நமக்கு ஹாக்கி புதிதன்று. அக்கித்திம்மனஹள்ளி மைதானம் அருகிலேயே இருக்கிறது. ஆயினும் உறைந்த நீரின்மீது ஹாக்கி ஆடும் பெண்கள் நம் நாட்டில் உளர் என்றால் அன்பர்கள் வியப்பர். நாமும் வியந்தோம்.

லடாக்கின் லே நகர் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளங்கள் உறையும் இரண்டு மாதமே அங்கு ஆட்டப் பருவம். வெயில் ஏறினால் தளமே கரைந்துவிடும். பந்துக்குப் பதிலாக 3 அங்குல அகலமுள்ள ரப்பர் வில்லை, பக்கத்துக்கு அறுவர், 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். லேயை அடுத்த ஃபே சிற்றூரில் செக்மோல் என்னும் கல்வி இயக்கத்தின் வளாகம் உண்டு. அங்குப் பயில்வோர் ஆடுவதற்குமுன் தளத்தையே ஆக்கிக்கொள்ள வேண்டும். கடுங்குளிரில் நீர் பாய்ச்சி, படலம் படலமாக உறையவிடுகின்றனர். மட்டை பிடிப்பது அதற்குப் பின்னரே! அங்குப் பழகிய மங்கையர் சிலர் நாட்டின் அணியிலும் இடம் பெற்றனர்.

அவ்வணி 2016-இல் தைப்பே நகரில் முதன்முதல் ஆசியப் போட்டியில் இறங்கி, ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றது. பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட நேர்ந்த அணி அது. 2017 மார்ச்சில் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்றது. 2025-இல் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கம் பெற்றது. அணியினருள் மிகப் பெரும்பாலோர் லடாக்கியரே.

இதனை எழுதத் தூண்டியது நம் தெருச் செய்தியொன்று. கல்லூரி ஹாக்கி அணியில் இடம் பெற்ற பெண்ணொருத்தியின் மட்டையை, இவ்வாண்டுப் போட்டிகள் தொடங்குமுன்னரே பெற்றோர் பரண்மேல் ஏற்றிவிட்டனர். "பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறாள், நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார் தாயார். அந்த நாலு பேரில் நாமும் ஒருவராதலின் வாய் திறக்க இயலவில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் இளைஞர் கால்பந்தாட்டத்துக்குப் பொருள் ஒதுக்குகிறது. பெண்மக்களுக்கென ஒரு காசும் ஒதுக்கியதில்லை. கணக்கு எழுதுபவர் நாமேயாதலால் இதனை நன்கறிவோம். மாலைப் பயிற்சி முடிந்து திரும்பும் பெண்களுக்கு ஆட்டோக் கட்டணத்தையேனும் சங்கம் ஏற்க வேண்டுமென வரும் செயற்குழுவில் கேட்கவிருக்கிறோம். கால்பந்தாட்டக் குழுவினர் முகம் சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.

தாயாரிடமும் இதனைக் கூறினோம். "முதலில் தீர்மானம் நிறைவேறட்டும், பிறகு பார்ப்போம்" என்றார்.