பகலில் பாடம், இரவில் சட்டம்!

விழுப்புரத்தை அடுத்த காணை வட்டாரத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். தனியார் பள்ளி. வயது 25. பட்டப் படிப்பும் பி.எட்.டும் முடித்தவர்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒருவன் பெருக்கல் கணக்கில் தடுமாறுகிறான். பக்கத்தில் இருப்பவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை. மாலையில் வீடு திரும்பினால், திருத்த வேண்டிய நோட்டுகள் ஒரு கட்டு!

அவருக்கு வக்கீலாக வேண்டும் என்று ஆசை. நோட்டுகளைத் திருத்திவிட்டு, இரவில் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார்.

"இருக்கிற வேலையை விட்டுவிட்டு இது எதற்கம்மா?" என்று வீட்டில் கேட்கத்தானே செய்வார்கள்?

ஆசையில் தவறு இல்லை. வயது போய்விட்டதே என்ற கவலையும் வேண்டாம்.

39 வயதில் பி.எல்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்தவர் சி.வை.தாமோதரம் பிள்ளை. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றியவர். அவர் முதலில் வாத்தியார்! பிறகு 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தினார். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவரானார். கோழிக்கோட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் அரசாங்கக் கணக்கு இலாகாவில் உத்தியோகம். இவ்வளவுக்கும் பிறகு, 1871-ல் பி.எல். தேறினார். அப்போது அவருக்கு வயது 39. கும்பகோணத்தில் வக்கீல் தொழில் நடத்தி, பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார்.

"பெண்ணுக்கு வக்கீல் தொழிலா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆமதாபாத் குஜராத் கல்லூரியில் 1888-ல் பாடம் நடத்திய கர்னிலியா சொராப்ஜி, இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தார். 1892-ல் தேர்வு எழுதித் தேறினார். ஆனால், பெண்கள் வக்கீல் தொழில் செய்ய இருந்த தடையை இந்தியா முழுவதும் நீக்கியது 1923-ல் வந்த சட்டம்தான். முப்பது ஆண்டு காத்திருப்பு! காணை ஆசிரியைக்கு அந்தத் தொல்லை இல்லை.

வேறு தொல்லை உண்டு.

இரண்டு படகில் கால்

வேலையில் இருந்துகொண்டே தபால் வழியில் படித்து வக்கீலாகிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது; பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால், பகலில் ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க முடியுமா? பள்ளியை விடத்தான் வேண்டும்.

ஆகவே, முதல் ஆயத்தம் பணம். மூன்று ஆண்டு சம்பளம் இல்லாமல் குடும்பம் எப்படி நடக்கும் என்பதை அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப் படிப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே இடம் தருகிறார்கள். அதனால் இரவுப் படிப்பை நிதானமாகவே நடத்தலாம். (மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய தண்டனைச் சட்டப் புத்தகத்தை வாங்கிவிடக் கூடாது. 2024 ஜூலை 1-ந் தேதி அது மாறி, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது!)

ஜூனில் ஒரு வார்த்தை

இரவு எவ்வளவு நேரம் விழித்தாலும் அது ஆசிரியையின் சொந்த நேரம். பகல் அப்படி அல்ல. பிள்ளைகளுக்குக் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் சட்டப் புத்தகம் படிப்பது அந்தப் பிள்ளைகளிடம் இருந்து எடுக்கும் கடன். அதை யார் திருப்பிக் கொடுப்பது? படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போனாலும் போகட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பையனுக்கு அந்த ஒரு வருடம் போனால் போனதுதான்.

இன்னொரு சிக்கல். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததா என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியும். வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இடம் கிடைத்ததும் மறுநாளே வராமல் நின்றுவிடுவது சரியல்ல. பள்ளி திறந்த முதல் வாரமே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

தலைமை ஆசிரியரும், "அப்படியானால் இன்றே நின்றுவிடு, அம்மா" என்று சொல்லிவிடக் கூடாது. அந்த நாற்பது பிள்ளைகளுக்கு வேறு ஆசிரியையைத் தேட அவருக்கு இப்போது அவகாசம் கிடைத்திருக்கிறது.