"சின்ன எலக்ட்ரிக்கல் வேலைதான்"னு சொல்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா?

எளாவூர்னு சொன்னா நெல்லூர் ரோட்டுல போறவங்களுக்கு செக்போஸ்ட்தான் ஞாபகம் வரும். எனக்கு அது சித்தி வீடு. சித்தி பையனுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை, கைக்கு மாசம் 58,000 வருது. போன மாசம் ஒரு போட்டோ அனுப்பினான். சிவப்பு கலர், ரெண்டே சீட், மேல்கூரை மடங்குற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், 12 வருஷப் பழசு. விலை 9,80,000.

"அண்ணா, இன்ஜின் பக்கா. சின்னச் சின்ன எலக்ட்ரிக்கல் வேலைதான் இருக்காம். அதுக்கு 40,000 குறைச்சுக்கறாங்க."

ஸ்போர்ட்ஸ் காரே வாங்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க சம்பளம், உங்க ஆசை. என் கேள்வி அந்த 40,000 பத்தி மட்டும்தான். அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு?

வண்டியில நாலு குறை. இடது பக்க பவர் விண்டோ மெதுவா ஏறுது. சென்ட்ரல் லாக் சில நேரம் வேலை செய்யலை. கூரை பாதியில நிக்குது. ஏர்பேக் லைட் எரியுது. தனித்தனியா பார்த்தா எல்லாம் சின்னதுதான். விண்டோ மோட்டர் மட்டும் போயிருந்தா நானே வாங்குடான்னு சொல்லியிருப்பேன். காரணம் தெரிஞ்ச கோளாறுக்கு கொட்டேஷன் வாங்கலாம், பேரம் பேசலாம். காரணம் தெரியாத கோளாறு, தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கிற செக்.

சித்தப்பா பழவேற்காடு ஏரியில படகு ஓட்டுறவர். அவருக்கு இந்த கார் பேரே வாயில நுழையலை. ஆனா விஷயத்தைக் கேட்டதும், "உள்ள தண்ணி போயிருக்கும்பா, வயர்ல களிம்பு ஏறியிருக்கும்"னார். உப்புத்தண்ணியோட மல்லுக்கட்டுறவருக்குத் தெரியாதா!

மடங்குற கூரை உள்ள வண்டியில மழைத்தண்ணி வெளியேற சின்னச் சின்ன வடிகால் குழாய் இருக்கும். அதுல இலை, தூசி அடைச்சா தண்ணி உள்ளே இறங்கும். சில மாடல்கள்ல கூரை மோட்டரும் கண்ட்ரோல் மாட்யூலும் இருக்கிறதே அந்தப் பள்ளத்துலதான். அதோட நம்ம ஊருக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் இருக்கு. தண்ணியில நின்ன வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு வித்தா போட்டோவுல ஒண்ணும் தெரியாது.

அதனால அம்பத்தூர்ல தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனோம். செலவு 3,000. முதல்ல பேட்டரி. அது வீக்கா இருந்தாலே தேவையில்லாத வார்னிங் லைட் நாலு எரியும், நல்ல வண்டியையும் தப்பா நினைச்சுடுவோம். எதுவும் ஓடாதப்போ 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருக்கணும். இந்த வண்டியில ரெண்டும் சரியா இருந்துச்சு. பேட்டரி மேல பழி போட முடியலை.

அடுத்தது ஸ்கேன். ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற குட்டி ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். எல்லா மாட்யூலையும் படிக்கிற ஸ்கேனர் வேணும். 'ரெடினஸ் மானிட்டர்' முழுமை ஆகலைன்னு காட்டினா, யாரோ சமீபத்துல கோடுகளை அழிச்சிருக்கலாம். இங்கே அப்படித்தான் காட்டுச்சு.

சீட்டுக்கு அடியில கார்பெட்டைத் தூக்கினோம். கீழே ஸ்பாஞ்ச் ஈரம். கனெக்டர்ல பச்சைக் களிம்பு. அது வெள்ளமா, அடைச்ச குழாயான்னு தெரியாது. ஓனர்கிட்ட பழைய சர்வீஸ் பில் ஒண்ணுகூட இல்லை. அவரோட இன்சூரன்ஸ் பாலிசியில நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம். அது மட்டுமே ஆதாரம் ஆகாது, கிளெய்ம் இல்லாமலும் பூஜ்யம் ஆகலாம். ஏன்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டார்.

இப்போ என் துறைக்கு வரேன். தம்பி போட்ட கணக்கு: கையில 2,80,000, மீதி 7 லட்சம் கடன். இவ்வளவு பழைய வண்டிக்கு கார் லோன் கிடைக்கிறது கஷ்டம், அதனால பர்சனல் லோன். 13% வட்டி, 5 வருஷம்னா மாசத் தவணை கிட்டத்தட்ட 15,900. வட்டி மட்டும் 2.5 லட்சத்துக்கு மேல. இதுல ரிப்பேருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வண்டியைக் கடன்ல வாங்கிடலாம், ரிப்பேரை கைக்காசுல இருந்துதான் பண்ணணும்.

"இன்சூரன்ஸ் இருக்கே அண்ணா"ன்னான். பாலிசியைத் திறந்து படிங்க. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் சாதாரண பாலிசியில வராதுன்னு அதுலயே எழுதியிருக்கும். தானா செத்துப்போற மாட்யூலுக்கு அவங்க பணம் தர மாட்டாங்க.

புதுப்பேட்டையில பழைய பார்ட்ஸ் வாங்கிக்கலாம்னு அடுத்த ஐடியா. டெயில் லேம்ப், கண்ணாடின்னா சரி. ஆனா இந்த மாதிரி வண்டிகள்ல நிறைய மாட்யூலை அந்தந்த வண்டிக்குன்னு கோடிங் பண்ணாதான் வேலை செய்யும். அதைப் பண்றவங்க கம்மி, கூலி ஜாஸ்தி. ஏர்பேக் லைட்டை நான் பேரத்துக்கே எடுத்துக்க மாட்டேன். அது எரியும்போது இடிச்சா பை விரியும்னு யாரும் கியாரண்டி தர முடியாது. பல்பைக் கழட்டி மறைக்கிற ஆளுங்களும் இருக்காங்க. சாவி போட்டதும் அந்த லைட் ஒருமுறை எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னாலும் சந்தேகப்படுங்க.

ஓனர்கிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன்: "இந்த நாலு வேலையும் நீங்களே முடிச்சு, பில்லோட குடுங்க. 40,000 குறைக்க வேண்டாம், முழு விலை தர்றோம்." 40,000-ல முடியுற வேலைன்னா அவருக்கு நஷ்டமே இல்லை. அவர் ஒத்துக்கலை.

கிளம்பிட்டோம். தம்பி ஒரு வாரம் என்கூட பேசலை. நேத்து இன்னொரு போட்டோ அனுப்பினான். இந்த முறை மஞ்சள் கலர். கீழே ஒரு வரி: "கார்பெட் காஞ்சுதான் இருக்கு அண்ணா, தொட்டுப் பார்த்துட்டேன்." ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்புன்னு பதில் போட்டிருக்கேன்.