தட்டேறிய குரலும் தட்டேறாத குரலும்

பழைய இசைத்தட்டு என்றதும் முகஞ்சுழிப்போர் இரு திறத்தார். “இரைச்சலன்றி அதில் என்ன இருக்கிறது?” என்பர் ஒரு சாரார். “சீமான்களின் பொழுதுபோக்கு, உழைக்கும் மக்களுக்கு அதனால் ஆவதென்ன?” என்பர் மறுசாரார். பின்னவர் எம் அணியிலேயே இருக்கின்றனர். ஆதலால் இருவருக்கும் நாம் பதிலிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இரைச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். 1925-ம் ஆண்டளவில் மின்முறை ஒலிப்பதிவு வரும்வரை பாடகியின் முன் ஒலிவாங்கி இருக்கவில்லை. ஒரு கூம்புக்குழலே இருந்தது. அவளுடைய மூச்சின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறியது. உச்சத்தில் குரலெடுக்கையில் அவள் பின்னே நகரவேண்டும். தணிந்து பாடுகையில் குழலை அண்டவேண்டும். மூன்று நான்கு நிமிடத்துள் பாட்டு முடியவேண்டும். தவறினால் வெட்டி ஒட்ட வழியில்லை. பெண்குரலுக்கு ஒளியூட்டும் நுண்ணொலிகளில் பெரும்பகுதி பதிவாகாமலே போயிற்று. அன்றைய தட்டுகள் யாவும் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்திற் பதிவானவையுமல்ல. வேகம் பிழைத்தாற் சுருதி மாறும். அக்குற்றத்தைப் பாடகியின் தலையிற் கட்டுவது அநீதி. இவற்றை அறிந்து கேட்பவருக்கு இரைச்சல் வெறுந்திரை. அத்திரைக்குப் பின்னே நிற்பவள் ஓர் உழைப்பாளி.

ஐரோப்பிய இசைநாடக அரங்குகளில் ஈடிணையின்றி விளங்கிய அடெலினா பட்டி, 1905-ம் ஆண்டு வேல்ஸ் நாட்டிலுள்ள தம் மாளிகையிற் பாடிப் பதிந்தபோது அவருக்கு வயது 62. குரல் தளர்ந்திருந்தது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டு எவ்வாறு பாடிற்று என்பதற்கு அத்தட்டுகள் நேர்ச்சாட்சி.

“மாளிகைக்காரியின் பாட்டுத்தானே?” என்று எம் தோழர் கேட்கக்கூடும். எம் பக்கத்தில் நிகழ்ந்ததை அவர் நோக்கட்டும். 1902-ம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிற் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளின் முடிவில், அவர் தம் பெயரைத் தாமே உரத்துச் சொல்கிறார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. அங்குள்ள தொழிலாளர் பாடியவர் யாரெனத் தெரிந்துகொள்ளவே இவ்வேற்பாடு. ஆனால், பெரிய வீடுகள் பாட்டுக்கு அழைத்துவிட்டு மரியாதைக்கு மறந்த ஒரு வகுப்பின் பெண், தன் பெயரைக் காலத்தின் காதிற் போட்டுச் சென்றாள்! தமிழ்நாட்டிற் கோயம்புத்தூர்த் தாயியின் கதையும் இதுவே. 1912-ம் ஆண்டில் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் அவர் பாட்டால் ஈர்க்கப்பட்டார். தேவதாசி முறையை 1947-ம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது நியாயம்; கலையை எடுத்துக்கொண்டு கலைஞரைப் படியிறக்கியது நியாயமன்று. அப்பெண்களுக்காக இன்று வழக்காட எஞ்சியிருப்பவை அத்தட்டுகளே.

இனி எமது கரைக்கு வருவோம். கல்முனை, மருதமுனை, சம்மாந்துறை, நிந்தவூர் ஊர்களில் எம் மூத்தம்மாமார் பாடிய கவிகளும் தாலாட்டுகளும் எந்தத் தட்டில் ஏறின? விலைபோகாத குரலைத் தேடி எந்தக் கம்பனியும் வயற்கரைக்கு வரவில்லை. கவிகளை எழுத்திற் தொகுத்தோர் உளர், அவர்க்கு நன்றி. ஆனால் ஏடு இராகத்தைத் தாங்காது. ஒலி ஒருமுறை அழிந்தால் மீட்பது எத்துணை அரிது என்பதை அயலூரான காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவார். மறைந்த யாழின் இசையைக் கணக்கிட்டு மீட்க அவர் பல்லாண்டு உழைத்தார். 1947-ம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எம் ஊர்களுட் புகுந்தபோது, பாடத் தெரிந்தோர் எத்தனை பேரை அது கொண்டுபோயிற்று என்று கணக்கெடுத்தார் எவருமுண்டோ?

“பெண்ணின் குரல் வெளியே கேட்கலாகாது” என்போரும் எம்மிடையே உள்ளனர். பாட மறுக்கும் உரிமை பாடுபவளுக்கு உண்டு. அதை நாம் மதிக்கின்றோம். அவளைக் கேளாமலே அவளுக்காக மறுக்கும் உரிமையை இவர்களுக்கு வழங்கியவர் யார்? எம் கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகிறது. குடி தாய்வழியே வருகிறது. வீடு அவளது, குடி அவளது; குரல் மட்டும் பிறருடையதா?

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் சட்டைப்பையிலுள்ள கைபேசி, கௌஹர் ஜானின் முன் நின்ற கூம்பினும் ஆயிரம் மடங்கு கூர்மையானது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. மூத்தம்மாவிடம் போய் அமருங்கள்; அனுமதி கேளுங்கள். பாட்டையும், ஊரையும், எவ்வேளையிற் பாடியதென்பதையும் பதியுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்திடமும் இன்னொன்றைப் பொது நூலகத்திலும் வையுங்கள். அவர் இசைந்தால், முடிவில் அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.