மலிவு யாருக்கு?

'மலிவாக் கிடைக்குது, வாங்கறோம். உமக்கு எங்கே வலிக்குது?' என்று கேட்பீர்கள். ஒரு ஊரின் கதையைச் சொல்கிறேன், அப்புறம் கேளுங்கள்.

அமெரிக்காவில், வட கரோலினாவில் ஓரியன்ட்டல் என்று ஒரு சிற்றூர். மொத்த ஜனமே ஆயிரத்துக்குள்தான். 2014-ல் வால்மார்ட் அங்கே ஒரு சின்னக் கடை திறந்தது. விலை குறைவு. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்த உள்ளூர் மளிகைக் கடை 2015-ல் மூடப்பட்டது. 2016 ஜனவரியில் வால்மார்ட் உலகம் முழுக்க 269 கடைகளை மூடப் போவதாக அறிவித்தது. பட்டியலில் ஓரியன்ட்டலும் உண்டு! பழைய கடையும் போச்சு, புதுக் கடையும் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், வால்மார்ட்டை ஆரம்பித்த சாம் வால்டனே 1950-ல் பென்டன்வில் என்ற சிற்றூரின் கடைவீதியில் கடை போட்டு வளர்ந்தவர்தான்.

'அது அமெரிக்கா சார்' என்று தப்பிக்காதீர்கள். 2018-ல் ஃப்ளிப்கார்ட்டின் பெரும் பங்கை வாங்கி, அதே வால்மார்ட் உங்கள் செல்போனுக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று.

கம்பெனிக்கு உங்கள் ஊர் கணக்கில் ஒரு வரி. நஷ்டமென்றால் அடித்துவிடும். கடைவீதி அண்ணாச்சிக்கு அப்படியில்லை. அவர் வீடும் அங்கேதான், பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். சம்பளம் தள்ளிப்போன மாசம் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பது ஆப் அல்ல, அவர்தான்.

தள்ளுபடியை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதிச் சாமானாவது தெருக்கடையில் வாங்குங்கள். மிச்சம் பிடிக்கிற பத்து ரூபாய்க்கு ஒரு கடைவீதியையே விலையாகக் கொடுக்காதீர்கள்.