வெற்றி மறைத்த குறை

அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் ஆஃபென்ஸ் ஆண்டுக்கு ஆண்டு ஏன் தடுமாறியது? வீரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. 2017 முதல் 2023 வரை அதை நடத்தியவர் பிரையன் ஃபெரென்ட்ஸ். தலைமைப் பயிற்சியாளர் அவருடைய தந்தை கர்க். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள் வேண்டும் என்று 2023இல் மகனின் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வந்ததோ 15 சொச்சம். ஆனாலும் அணி 10 ஆட்டங்களில் வென்றது. டிஃபென்ஸும் டோரி டெய்லரின் உதைகளும் காப்பாற்றின.

சிக்கலே அதுதான். ஜெயிக்கும்வரை குறையை யாரும் தொடுவதில்லை. பெற்ற பிள்ளையின் குறை என்றால் கை இன்னும் தயங்கும். கடைசியில் அவரை விலக்கும் முடிவைத் தந்தை எடுக்கவில்லை, விளையாட்டுத் துறை இயக்குநர் எடுத்தார். பாசம் தவறல்ல, ஆனால் நமக்கு வேண்டியவரின் வேலையை அளக்க வேறொருவரின் கண் வேண்டும்.